கேட்காமல் போட்ட கையெழுத்து



 

சில வாரங்களுக்கு முன்பு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்து போனபிறகு ஒரு சகோதரி மாத்திரம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். முகத்தில் களைப்பு. "ஐயா, ஜெபம் பண்ணணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா நேரம் எங்க இருக்கு? காலையில நாலரைக்கு எந்திரிச்சா தண்ணி பிடிக்கணும், சமைக்கணும், பிள்ளைங்கள வேன்ல ஏத்தணும். ஒன்பது மணிக்குள்ள கம்பெனியில போய் விரல் வைக்கணும். சாயங்காலம் வந்தா மாமியாரைக் கவனிக்கணும். ஒரு நாளைக்குப் பத்து காரியம் முடிவெடுக்க வேண்டியதா வருது. அதுல ஒண்ணுக்காவது ஆண்டவர்கிட்ட கேட்டுச் செய்ய முடியலையேய்யா" என்று கண் கலங்கினார்கள்.

"ஜெபிக்க நேரமில்லாத கிறிஸ்தவன் கிறிஸ்தவனே அல்ல" என்று சொல்லி அந்தச் சகோதரியை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதையும் இல்லை. ஏனென்றால் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனம் 1993-ஆம் வருஷத்து மார்ச் மாதத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு நான் கேட்காமல் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். அதையே இம்மாதம் உங்களுக்கும் சாட்சியாக எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவினார்.

அப்போது நான் முழுநேர ஊழியத்துக்கு வரவில்லை. ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மார்ச் மாதம் என்றால் கணக்கு முடிக்கிற மாதம். மேஜையில் ஃபைல்கள் மலைபோலக் குவிந்திருக்கும். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் மனைவி, "என்னங்க, ரெண்டு நிமிஷம் முழங்கால் போட்டுட்டுப் போங்க" என்றாள். "எட்டேகால் பஸ்ஸ விட்டா ஒன்பது மணிக்குத்தான் அடுத்த பஸ். சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

மத்தியானம் சாப்பாட்டு வேளை. கூட வேலை பார்த்த ஒருவர் கையில் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் இருபதாயிரம் ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். அதற்குச் சக ஊழியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். "சார், அம்மாவுக்கு ஆபரேஷன். இதப் பாருங்க, ஆஸ்பத்திரிச் சீட்டு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கின காகிதத்தை எடுத்துக் காண்பித்தார். "அஞ்சு நிமிஷ வேலை சார். ரெண்டு மணிக்குள்ள சங்கத்துல கொடுக்கணும்."

பேனாவைக் கையில் எடுத்தேன். பிரியமானவர்களே, அந்த நிமிஷம் என் உள்ளத்துக்குள் ஒரு நெருடல் உண்டானது. யாரோ தோளைத் தொட்டதுபோல ஒரு தடுமாற்றம். "கொஞ்சம் பொறு" என்பதுபோல. ஆனால் எதிரே நிற்கிறவர் மணியைப் பார்க்கிறார். என் மேஜையிலோ முடிக்க வேண்டிய வேலை கிடக்கிறது. "ஒரு தாயாருக்கு உதவி செய்ய என்ன ஜெபம் வேண்டிக்கிடக்கு?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கால் நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏழு மாதம் கழிந்தது. அந்த மனிதர் வேலையை விட்டு, ஊரையும் விட்டுப் போய்விட்டார். சங்கத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. விதி என்ன? கடன் வாங்கினவர் கட்டவில்லை என்றால் ஜாமீன் போட்டவருடைய சம்பளத்தில் பிடிப்பார்கள். சங்கத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. விண்ணப்பத்திலேயே அது அச்சடித்திருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. மாதம் அறுநூறு ரூபாய் வீதம் மூன்று வருஷம் பிடித்தார்கள். அன்றைக்கு என் கையில் வந்த சம்பளத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆஸ்பத்திரிச் சீட்டைக் குறித்தும் பிறகு தெரியவந்தது. அது இரண்டு வருஷத்துக்கு முந்தின சீட்டு.

வீட்டில் அடகு வைக்க ஒரு குண்டுமணித் தங்கம் கிடையாது. ஞானஸ்நானம் எடுத்தபோதே நானும் என் மனைவியும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். என் மூத்த மகள் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அடுத்த வருஷம் ஆசிரியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. கட்டணம் கட்டக் கடைசித் தேதி வந்தது. என்னால் கட்ட முடியவில்லை. தேதி போய்விட்டது.

அன்று இரவு அவளைக் கூப்பிட்டு, "அம்மாடி, அப்பா கர்த்தர்கிட்ட கேக்காம ஒரு கையெழுத்துப் போட்டுட்டேன். அதுக்கு நீ கஷ்டப்படுற. அப்பாவ மன்னிச்சிரு" என்றேன். "நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்கக் கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை முறுமுறுக்கவில்லை. அதுதான் என்னை அதிகமாய் உடைத்தது.

*பூசணம் பிடித்த அப்பம்*

அந்த நாட்களில் ஓர் இரவு தூக்கம் வராமல் வேதத்தைத் திறந்து யோசுவாவின் புஸ்தகத்தைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் அதிகாரம் வந்தது. கிபியோனின் குடிகள் கில்காலிலிருந்த பாளயத்துக்கு வருகிறார்கள். உண்மையில் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர். ஆனால் வெகு தூரத்திலிருந்து வந்தவர்களைப்போல வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கழுதைமேல் பழைய சாக்குகள், கிழிந்து தைக்கப்பட்ட திராட்சரசத் துருத்திகள், காலில் தேய்ந்துபோன செருப்புகள், கையில் உலர்ந்து பூசணம் பிடித்த அப்பம். "புறப்படும்போது இது சூடாயிருந்தது, இப்போது பாருங்கள்" என்கிறார்கள். இஸ்ரவேலின் பெரியவர்கள் அந்த ஆகாரத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் 14-ஆம் வசனம் ஒரு காரியத்தைத் தெளிவாய்ச் சொல்லுகிறது: அவர்கள் கர்த்தருடைய யோசனையைக் கேட்கவில்லை. உடன்படிக்கை பண்ணினார்கள். சத்தியம் செய்தார்கள். மூன்றே நாளில் குட்டு வெளிப்பட்டது.

அதை வாசித்தபோது என் கண்ணுக்கு முன்பாக அந்தக் கசங்கின ஆஸ்பத்திரிச் சீட்டுதான் வந்து நின்றது. அவர்களுக்குப் பூசணம் பிடித்த அப்பம். எனக்குப் பழைய சீட்டு!

கவனியுங்கள், தேவப்பிள்ளையே! யோசுவா யார்? மோசேயோடு மலையேறினவன். ஆசரிப்புக் கூடாரத்தை விட்டுப் பிரியாதிருந்தவன். யோர்தான் பிளந்ததையும் எரிகோ விழுந்ததையும் கண்டவன். ஆயி பட்டணத்தில் ஒருமுறை தோற்று, தரையில் முகங்குப்புற விழுந்து கிடந்தவன். அப்படிப்பட்டவனே கேட்காமல் முடிவு செய்துவிட்டான். ஏன்? காரியம் சின்னதாகத் தெரிந்தது, சான்று கையில் இருந்தது, வந்தவர்களோ அவசரப்படுத்தினார்கள். பெரிய காரியங்களுக்கு நாம் உபவாசம் போட்டு ஜெபிப்போம். வீடு வாங்க, பெண் பார்க்க, வேலை மாற ஜெபிப்போம். சத்துரு வருகிற வாசல் அதுவல்ல. "அஞ்சு நிமிஷ வேலை" என்கிற வாசல்வழியாக வருகிறான்.

அந்தக் கையெழுத்தின் பாரம் எத்தனை காலம் நின்றது தெரியுமா? எத்தனையோ தலைமுறைகள் கழித்து சவுல் ராஜா அந்த உடன்படிக்கையை மீறி கிபியோனியரைக் கொன்றதினிமித்தம், தாவீதின் நாட்களில் தேசத்தில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாயிற்று (2 சாமுவேல் 21). இன்றைக்குக் கையெழுத்துக்கூடத் தேவையில்லை, அன்பானவர்களே. செல்போனில் ஒரு விரல் தொட்டால் போதும், கடன் வருகிறது. ஓடிபி நம்பரைச் சொன்னால் போதும், பணம் போகிறது. கோபத்தில் தட்டின ஒரு வாட்ஸ்அப் செய்தி குடும்பங்களைப் பிரித்துவிடுகிறது. விரல் எவ்வளவு வேகமாய் ஓடுகிறதோ, அவ்வளவு வேகமாய் நம்முடைய இருதயம் கர்த்தரிடத்தில் ஓடப் பழக வேண்டும்.

*கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலே*

எங்கள் சபையில் அப்போது ஒரு வயதான ஊழியர் இருந்தார். சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஜெபிப்பார். நான் அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் பிரசங்கம் பண்ணவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, ராஜா கேள்வி கேட்டதுக்கும் நெகேமியா பதில் சொன்னதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?"

வீட்டுக்கு வந்து வாசித்தேன். நெகேமியா இரண்டாம் அதிகாரம். அர்தசஷ்டா ராஜாவின் இருபதாம் வருஷம். கி.மு. 445 என்று சரித்திரக்காரர் சொல்லுகிறார்கள். நெகேமியா பானபாத்திரக்காரன். ராஜாவுக்கு முன்பாகத் துக்கமுகத்தோடு நிற்பதே ஆபத்து. ராஜா, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறான். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினான்; பிறகு ராஜாவுக்குப் பதில் சொன்னான். முழங்கால் போட முடியாது. கண்ணை மூட முடியாது. உதடு அசைத்தால்கூட ராஜா பார்ப்பான். கையில் பாத்திரம். மூன்று விநாடி இருக்குமா? அந்த மூன்று விநாடிக்குள் அவன் சூசான் அரமனையிலிருந்து பரலோகத்துக்குப் போய்த் திரும்பிவிட்டான்! அல்லேலூயா!

இதுதான் அம்பு போன்ற ஜெபம். நீளமில்லை, சத்தமில்லை, ஆனால் போய்ச் சேருகிறது.

"அப்படியானால் காலையில் தனியாக ஜெபிக்க வேண்டாமா, ஐயா? பஸ்ஸில் போகும்போது இரண்டு வார்த்தை சொன்னால் போதுமா?" என்று சிலர் கேட்பார்கள். அவசரப்படாதேயுங்கள். முதலாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிற செய்தி நெகேமியாவுக்கு வந்தது கிஸ்லேவு மாதத்தில். ராஜாவின் முன் நின்றது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம்! அந்த நாட்களில் அவன் அழுது, துக்கித்து, உபவாசித்து மன்றாடினான். நான்கு மாதம் வளைத்த வில்லிலிருந்துதான் அந்த மூன்று விநாடி அம்பு பறந்தது. வில்லே இல்லாதவன் அம்பை எப்படி எய்வான்? அதிகாலையில் வேதத்தைத் திறந்து பத்து நிமிஷமாவது அவருடைய பாதத்தில் உட்காருகிறவனுக்குத்தான் மத்தியானம் நெருக்கடியில் அவருடைய சத்தம் பழகின சத்தமாய்த் தெரியும்.

இன்னொன்றும் பாருங்கள். ஜெபித்தவன் கை கட்டிச் சும்மா நிற்கவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று ராஜாவுக்குக் கணக்குச் சொன்னான். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான். மரத்துக்கு உத்தரவு கேட்டான். சத்துருக்கள் கூடி வந்தபோது ஜெபமும் பண்ணினான், இராக்காவலும் வைத்தான். அலங்கம் 52 நாளில் முடிந்தது. அந்தப் புஸ்தகம் முழுவதும் வேலையின் நடுவே குட்டிக் குட்டி ஜெபங்களைப் பார்க்கலாம். அவனுக்கு ஜெபம் வேறு, வேலை வேறு என்று இரண்டு அறைகள் இல்லை.

*நேற்று கிடைத்த பதில் இன்றைக்கு ஆகாது*

தாவீதின் ஜீவியத்திலிருந்து ஒரு காரியம். பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் வந்து பரவுகிறார்கள். தாவீது கர்த்தரிடத்தில் கேட்டான். "போ" என்றார். போனான், ஜெயித்தான். மறுபடியும் அதே பெலிஸ்தர், அதே பள்ளத்தாக்கு. நானாயிருந்தால் என்ன நினைப்பேன்? "போன தரம் போகச் சொன்னாரே, இப்பவும் அதேதானே" என்று வாளை எடுத்திருப்பேன். தாவீது இரண்டாம் முறையும் கேட்டான். இந்தத் தரம் பதில் வேறு: நேராய்ப் போகாதே, பின்னாலே சுற்றிப் போ, முசுக்கட்டைச் செடிகளின் நுனிகளில் நடமாட்டத்தின் இரைச்சல் கேட்கும்வரைக்கும் காத்திரு (2 சாமுவேல் 5). பிரச்சினை ஒன்றுபோலத் தெரிந்தாலும் வழி ஒன்றுபோல இராது. மூத்த மகனுக்குச் செய்ததையே இளையவனுக்கும் செய்யலாம் என்று நினைக்காதேயுங்கள். மறுபடியும் கேளுங்கள்.

நம்முடைய ஆண்டவரைப் பாருங்கள். கப்பர்நகூமில் ஒரு நாள். காலையில் ஜெப ஆலயத்தில் பிரசங்கம். அங்கேயே அசுத்த ஆவியைத் துரத்துகிறார். பிறகு பேதுருவின் மாமிக்குச் சுகம். சூரியன் அஸ்தமித்தபோது பட்டணத்தாரெல்லாரும் வீட்டு வாசலிலே. நம்மில் யாருக்காவது இதைவிட வேலை அதிகமான நாள் உண்டா? மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீஷர்கள் தேடிக்கொண்டு வந்து, "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்றார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார் (மாற்கு 1). ஜெபம் அவருக்கு "மாட்டேன்" என்று சொல்லுகிற பெலனைக் கொடுத்தது. எல்லாரும் கூப்பிடுகிற எல்லா இடத்துக்கும் ஓடுவது தேவசித்தம் அல்ல, சகோதரனே. யாருக்கு "ஆம்", யாருக்கு "இல்லை" என்பதை அதிகாலைப் பாதத்திலே தீர்த்துக்கொள்ளுங்கள்.

*ஆவியானவர் எப்படி நடத்துகிறார்?*

"கேட்டால் அவர் பேசுவாரா? எப்படித் தெரிந்துகொள்வது?" என்பது அந்தச் சகோதரியின் அடுத்த கேள்வி. என் அனுபவத்தில் கண்டதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, வேதவசனம். எழுதியிருக்கிறதற்கு விரோதமாய் ஆவியானவர் ஒருக்காலும் நடத்தமாட்டார். நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரத்தில் மற்றவன் கடனுக்குப் பிணைப்படுகிறதைக் குறித்து வெளிப்படையான எச்சரிப்பு இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தரிசனம் தேவைப்படவில்லை, வசனமே போதுமானதாயிருந்தது. அது என் பைக்குள் இருந்தது, நினைவுக்குள் இல்லை. வசனத்தை நிரப்பி வையுங்கள். வேளை வரும்போது அவர் நினைப்பூட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை உத்தரவாக எடுத்துக்கொள்ளாதேயுங்கள். அது சீட்டுப் போடுகிறதுபோல.

இரண்டாவது, உள்ளத்தில் உண்டாகும் சமாதானம் அல்லது தடை. பவுலும் கூட்டாளிகளும் ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி ஆவியானவர் தடை பண்ணினார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அங்கும் விடவில்லை. துரோவா வந்தபிறகுதான் மக்கெதோனியா தரிசனம் (அப்போஸ்தலர் 16). இரண்டு கதவு மூடினபிறகே ஒரு கதவு திறந்தது. தடையும் நடத்துதல்தான். பேனாவைப் பிடிக்கும்போது உண்டாகிற நெருடலைத் தள்ளாதேயுங்கள். அதே சமயம், எல்லாப் பயமும் ஆவியானவர் அல்ல. சில நாள் ராத்திரி சரியாகத் தூங்காததும் நெருடலாய்த் தெரியும். ஆகையால் வசனத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தேவபிள்ளைகளின் ஆலோசனை. எருசலேம் சபையில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி ஆராய்ந்தே முடிவெடுத்தார்கள். யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து, "கர்த்தர் சொல்லுகிறார், இந்த இடத்தை வாங்கு" என்று தீர்க்கதரிசனம் சொன்னால், மதிப்போடு கேளுங்கள். ஆனால் நிதானித்து அறியுங்கள். உங்கள் மனைவியிடம் பேசுங்கள். அன்றைக்கு நான் என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "ராத்திரி யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க" என்று சொல்லியிருப்பாள். ஒரு ராத்திரி போதும். அந்தச் சீட்டின் தேதியைப் பார்த்திருப்பேன்.

மூன்று வழியிலும் ஒன்றும் விளங்கவில்லை என்றால்? காத்திருங்கள். காத்திருக்க முடியாத காரியமா? வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் அங்கே ஜெபித்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள், போகிற வழியில் ஜெபியுங்கள். கடமை வெளிச்சமாய் இருக்கிற இடத்தில் அதுவே நடத்துதல்.

*நாள் முழுவதும் நாலு வாசல்*

அந்த மூன்று வருஷத்தில் நான் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டேன். நாளைக்கு நாலு வாசல் என்று வைத்துக்கொண்டேன். வீட்டு வாசலைத் தாண்டும்போது, "ஆண்டவரே, இன்றைக்கு என் கால்களை நீர் நடத்தும்." அலுவலக வாசலில், "என் நாவையும் என் கையையும் காத்துக்கொள்ளும்." மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, "இதுவரைக்கும் நான் தவறினது என்ன? மீதி நாளில் செய்ய வேண்டியது என்ன?" சாயங்காலம் திரும்ப வீட்டு வாசலில், "வெளியே உள்ள கோபத்தை உள்ளே கொண்டுபோகாதபடிக்குக் கிருபை தாரும்." அவ்வளவுதான். தானியேல் 120 தேசாதிபதிகளுக்கு மேலான மூன்று பிரதானிகளில் ஒருவன். அவனே தினம் மூன்று வேளை முழங்கால் போட்டான். நமக்கு என்ன சாக்கு?

வீட்டில் இருக்கும் சகோதரிகளே, ஜான் வெஸ்லி, சார்ல்ஸ் வெஸ்லி ஆகிய தேவ ஊழியர்களின் தாயார் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவர்களில் பலர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். வறுமையான வீடு. தனி அறை ஏது? மேலே கட்டியிருக்கிற துணியை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார்களாம். அம்மா ஜெபிக்கிறார்கள் என்று பிள்ளைகள் தொந்தரவு செய்யமாட்டார்களாம். உங்கள் முந்தானையே உங்கள் ஜெப அறை. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் மூன்று பேருக்காக ஜெபிக்கலாம்.

இந்தப் பழக்கம் வெறும் பழக்கமா, பலன் உண்டா என்று சோதிக்கும்படி ஒரு நாள் வந்தது. 2001-ஆம் வருஷம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். எதிரே அந்த மனிதர்! என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குள் எட்டு வருஷத்துக் கசப்பு கொதித்து எழும்பினது. என்னென்ன கேட்க வேண்டும் என்று எத்தனையோ ராத்திரி மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவர் இருந்த இடத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் பத்து அடி. அந்தப் பத்து அடிக்குள், "ஆண்டவரே, என்ன பேசணும்?" என்று கேட்டேன். பக்கத்தில் போனபோது என் வாயில் வந்தது, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான்.

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்தோம். பாதி டீயில் அவர் அழ ஆரம்பித்தார். சீட்டில் பணம் போட்டு ஏமாந்ததையும், அதை மறைக்கத் தாயாரின் பெயரைச் சொன்னதையும், அந்தத் தாயார் பிறகு இறந்துபோனதையும் சொன்னார். பணம் திரும்பி வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு பஸ் ஏறும்போது நான் எட்டு வருஷமாய்த் தூக்கிச் சுமந்த ஒன்றை அந்த டீக்கடை பெஞ்சிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தேன். கர்த்தருக்கே மகிமை!

*தவறின இடத்திலேயே*

கேட்காமல் செய்துவிட்ட காரியத்தின் பாரத்தோடு இதை வாசிக்கிற தேவப்பிள்ளை உண்டா? "நான் கெடுத்துக்கொண்டேன், இனி ஜெபித்து என்ன பயன்" என்று இருக்கிறாயா? கிபியோனின் கதை முடிந்துவிடவில்லை. யோசுவா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். நஷ்டம் வந்தாலும் சத்தியம் மாறவில்லை. அந்தக் கிபியோனியர் கர்த்தருடைய பலிபீடத்துக்கு விறகு வெட்டி, தண்ணீர் எடுத்தார்கள். நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில் அலங்கத்தைக் கட்டினவர்களின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். அங்கே மெலதீயா என்னும் ஒரு கிபியோனியன் கல் எடுத்து வைக்கிறான்! ஜெபிக்காமல் செய்த உடன்படிக்கையின் ஊரிலிருந்து, ஜெபித்துக் கட்டின அலங்கத்துக்கு ஓர் ஆள்.

இன்னும் ஒன்று. சாலொமோன் ராஜாவாகிப் பலியிடப் போன இடம் எது? ஆசரிப்புக் கூடாரம் அந்நாளில் எங்கே இருந்தது? கிபியோனில்! அங்கேதான் இராத்திரியில் கர்த்தர் சொப்பனத்திலே தரிசனமாகி, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் (1 இராஜாக்கள் 3). எந்த ஊரார் விஷயத்தில் இஸ்ரவேல் கேட்காமல் போனதோ, அதே ஊரில் தேவன் தாமே முன்வந்து "கேள்" என்கிறார்! இதை முதன்முதல் கண்டபோது நான் வேதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். நீ தவறின இடத்திலேயே அவர் உனக்காகக் காத்திருக்கிறார்.

என் மகளுடைய அந்த ஒரு வருஷம் திரும்பி வரவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அந்த வருஷம் அவள் சாயங்காலந்தோறும் எங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். மறு வருஷம் கட்டணத்துக்கு வழி திறந்தது, சேர்ந்தாள். இன்றைக்கும் ஓர் ஆசிரியை. எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இப்போதும் நான் எதிலாவது கையெழுத்துப் போடப் போனால், அவள் பக்கத்தில் இருந்தால், சிரித்துக்கொண்டே, "அப்பா, கேட்டாச்சா?" என்பாள்.

அதே கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நாளைக் காலை பஸ் வரும், போன் அடிக்கும், மேஜையில் காகிதம் வரும். கை நீட்டுவதற்கு முன்னே, ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்று, "கர்த்தாவே, இது உமது சித்தமா?" என்று கேளுங்கள்.

என்னோடு சேர்ந்து ஜெபிப்பீர்களா?

"அன்பின் பரலோகப் பிதாவே, உம்மிடம் கேளாமல் நான் எடுத்த முடிவுகளை மன்னியும். அதினால் என் வீட்டாருக்கு உண்டான காயங்களை ஆற்றும். நாளை என் வேலையின் நடுவே உம்முடைய மெல்லிய சத்தத்தைக் கேட்கிற செவியைத் தாரும். அவசரத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தும். உம்முடைய ஆவியினால் என்னை நடத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், நல்ல பிதாவே. ஆமென்."

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. உங்கள் ஜெபங்களில் எங்கள் ஊழியத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்